‘சரின்னாங்களா’ அக்கா

அக்காவின் பெயரை எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. எங்கள் மருத்துவக் கல்லூரியிலும் அந்தப் பெயரை யாரும் அதிகம் புழங்கியதில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு தடவை ஒலிக்கும்; மற்ற நேரமெல்லாம் அவர் ‘சரின்னாங்களா’ அக்காதான். கேலிக்கு வைத்த பெயர். நாளாக ஆகக் கேலி உதிர்ந்து, பெயர் மட்டும் நின்றது.

வார்டில் நாங்கள் யாராவது ஒரு நோயாளியின் வயிற்றில் கை வைக்கப் போவோம். சரியாக அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து குரல் வரும்.

“சரின்னாங்களா?”

“யாருக்கா?”

“இன்னா யாரு? வவுறு யாரோடதோ அவங்க.”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, “தொட்டுப் பாக்கலாமாங்க?” என்று நோயாளியிடம் கேட்க வேண்டியிருக்கும். அவர் பயந்துபோய், “தொடு சாமி” என்பார். அதற்கப்புறம்தான் அக்கா அந்தப் பக்கம் நகர்வார். எரிச்சலாக இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தவனைத் தொடுவதற்கு அவனையே கேட்பதா என்று விடுதியில் பொரிந்து தள்ளுவோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்; அப்பா செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டுபவர். அவரை எந்த ஆபீசிலும் யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டு போட்டதும் அந்தக் கேட்காத கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன் என்ற சந்தோஷம்கூட எனக்குள் இருந்திருக்கும். அக்கா அதைக் கெடுத்தார்.

அக்கா வியாசர்பாடி. தகப்பனார் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்ததால் எங்களைவிட மூன்று வயது மூத்தவர். பேச்சு சுத்தமான மெட்ராஸ் பேச்சு. அதை மாற்றிக்கொள்ள அவர் முயன்றதே இல்லை. மெடிசின் பேராசிரியரை நாங்கள் சீஃப் என்போம். ஒருநாள் அவர், “ஏம்மா, நீ டாக்டராகப் போற. பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கோ” என்றார்.

“பேஷண்டுக்குப் புரியுது சார்” என்றார் அக்கா. “உங்களுக்கும் புரியுது. வேற யாருக்குப் புரியணும்?”

அவரை நான் முதலில் பார்த்தது கல்லூரியில் சேர்ந்த வாரத்தில். சீனியர்கள் என்னைப் பிடித்து, ஒரு தீக்குச்சியைக் கையில் கொடுத்து, அனாடமி கட்டிடத்து நடையின் நீளத்தை அளக்கச் சொன்னார்கள். மண்டியிட்டு ஒவ்வொரு குச்சியாக வைத்து நகர்ந்துகொண்டிருந்தேன். சுற்றிலும் சிரிப்பு. புதிதாகச் சேர்ந்த பெண்கள் சிலர் அந்த வழியாக வந்தார்கள். அதில் ஒருத்தர் மட்டும் நின்றார்.

“தம்பி சரின்னானா?” என்று சீனியர்களைக் கேட்டார்.

“ஏம்மா, நீ யாரு? அவன் வக்கீலா?”

அவர் ஒரு சீனியரின் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியைக் காட்டி, “எடுத்துக்கலாமா?” என்று கேட்டு, அவன் திகைத்து நிற்கும்போதே ஒரு குச்சியை உருவிக்கொண்டு, நடையின் மறுகோடிக்குப் போய்ப் புடவையைச் செருகிக்கொண்டு மண்டி போட்டார்.

“நீ அங்கேர்ந்து வா. நான் இங்கேர்ந்து வரேன். நடுவுல மீட் பண்ணலாம். சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று கத்தினார்.

ஒரு பெண் தரையில் தவழ்வதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் சிரிப்பது? ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் அளப்பதற்கு நடை இருந்தது, அளக்கச் சொன்னவர்கள் இல்லை. அக்கா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, “பாதி நடை எனக்கு முந்நூத்திச் சொச்சம் வந்துச்சு, உனக்கு?” என்று கேட்டார்.

அவரை எல்லோருக்கும் பிடித்தது என்று சொன்னால் பொய். நாக்கு கூர்மை. கோபம் வந்தால் ஆள் வயசு பார்க்க மாட்டார். எதற்கெடுத்தாலும் கேட்கிறவர் என்பதால் அவரை மடக்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் ஆசை. ஒரு சமயம் லாரி மோதி மயக்கமாகக் கிடந்த ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். அக்கா கத்தரிக்கோலை எடுத்து அவன் சட்டையைக் கிழித்தார். எங்களில் ஒருவன், “அக்கா, சரின்னாரா?” என்றான்.

“மயக்கத்துல கெடக்கறவன்கிட்ட இன்னாடா கேக்கறது? முழிச்சதும் மன்னிப்பு கேட்டுக்கறேன். நீ காலைப் புடி, பேமானி!”

அவன் முழித்ததும் உண்மையாகவே போய்க் கேட்டார். அந்த ஆள் மன்னிப்புக்கு அசையவில்லை, புதுச் சட்டை கேட்டான். வாங்கியும் கொடுத்தார்.

இப்படிப்பட்டவரைத்தான் வகுப்புக்கு லீடராகத் தேர்ந்தெடுத்தோம். மெஸ் காண்டிராக்டரிடம் சண்டை போட வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் முதல் காரணம்.

இனி சொல்லப்போவது நடந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் நான் எழுதவில்லை. இதில் வரும் பரீட்சைப் பழக்கம் இல்லாத ஆஸ்பத்திரி அப்போது இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

மருத்துவப் படிப்பின் கடைசிப் பரீட்சையில் ஒரு நோயாளியை மாணவனிடம் ஒப்படைப்பார்கள். அவன் சோதித்துப் பார்த்து நோயைச் சொல்ல வேண்டும். அதற்காக நல்ல ‘கேஸ்’களைச் சேர்த்து வைப்பார்கள். வீங்கிய மண்ணீரல், நீர் கோத்த வயிறு, சத்தம் போடுகிற இதயம். பரீட்சை நெருங்கும்போது அப்படி ஒருவர் வார்டுக்கு வந்துவிட்டால் அவரைச் சுலபத்தில் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். சாப்பாடு போட்டு, மாத்திரை கொடுத்து, பரீட்சை முடியும்வரை வைத்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர் பரீட்சைக் கேஸ். கெடுதல் என்று யாரும் நினைத்ததில்லை. நோயாளிக்கு மூன்று வேளையும் சோறு, எங்களுக்குப் படிப்பு.

எங்கள் வருஷத்துப் பரீட்சைக் கேஸ் தேசம்மா. மாமல்லபுரத்துக்கு வடக்கே, திருவிடந்தைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு குப்பத்துக்காரி. தலையில் மீன்கூடை சுமந்து விற்கிறவள். முப்பது வயதிருக்கும். இதயத்தின் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள வால்வு சுருங்கிப்போய், ரத்தம் அந்தச் சின்னத் துவாரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் சத்தம் அவள் இடது மார்புக்குக் கீழே கேட்கும். ‘மர்மர்’ என்போம். விரலை வைத்தால் பூனை உறுமுவது போல உள்ளே அதிரும். இத்தனை தெளிவான மர்மரைத் தன் சர்வீசிலேயே கேட்டதில்லை என்றார் சீஃப். அவருடைய காது அப்படிப்பட்ட காது. எங்களுக்கு நெஞ்சின் மொழியைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை.

“ம்… ஒவ்வொருத்தரா” என்பார். நாங்கள் கட்டிலைச் சுற்றி வரிசையாக நின்று, ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து, ரவிக்கையை ஒதுக்கி, விரலை வைத்து, ஸ்டெதஸ்கோப்பை வைத்து நகர்வோம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சத்தம் நன்றாகக் கேட்கும் என்பதால் தேசம்மா சுவரைப் பார்த்தபடி அப்படியே கிடப்பாள்.

ஒருநாள் அக்கா லீடர் என்ற முறையில் வரிசையின் தலைமாட்டில் நின்றார். “தொடட்டுமாமே?” என்று கேட்டார். தேசம்மா, “தொடும்மா” என்றாள். அக்கா நெஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு நகர்ந்தார். இன்னும் மூன்று நான்கு பேர் ஆனார்கள். தேசம்மாவின் கண் சுவரைவிட்டு விலகி வராந்தா ஜன்னலுக்குப் போனது. அங்கே அவள் புருஷன் எல்லப்பன், கையில் துணி கட்டிய தூக்குச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

அக்கா வரிசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார். “போதும்.”

சீஃப் நிமிர்ந்தார். “யார் நிறுத்தச் சொன்னது?”

“அவங்க சரின்னது எனக்கு சார். இத்தனை பேருக்கு இல்ல.”

“நீ லீடர்தானே? லீடர்னா முன்னால நிக்கணும். குறுக்க நிக்கக் கூடாது.”

“முன்னால நின்னதாலதான் சார் அவங்க மூஞ்சி தெரிஞ்சுது. பின்னால நிக்கறவங்களுக்கு முதுகுதான் தெரியுது.”

சீஃப் அவரை வார்டைவிட்டு வெளியே போகச் சொன்னார். ஆனால் அதற்குள் எல்லப்பன் உள்ளே வந்துவிட்டான். தூக்குச் சட்டியைக் கட்டிலடியில் வைத்தான். “என் பொண்டாட்டி இன்னா கோயிலா, வரிசைல வந்து தொட்டுக் கும்புடறதுக்கு?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு வெளியே போனான். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

அடுத்த வாரம் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. தேசம்மாவின் வால்வைத் திறக்கும் ஆபரேஷனுக்கு இடம் கிடைத்துவிட்டது, வருகிற திங்கட்கிழமை அனுப்பி வையுங்கள், புருஷன் கையெழுத்து வேண்டும். வார்டு சிஸ்டர்தான் இதை அக்காவிடம் சொன்னார். சீஃப் அனுப்புவதாக இல்லை.

அக்கா போய்க் கேட்டார். நானும் கூட நின்றேன்.

“பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். முடிச்சிட்டு அனுப்பலாம்” என்றார் சீஃப். “அடுத்த முறை நானே சொல்லி இடம் வாங்கித் தரேன். தவிர, புருஷனே சம்மதிக்கல. ஆள் கண்ணுலயே படல. என்ன அவசரம்?”

“இந்த மாசம் ரெண்டு தடவை சளியில ரத்தம் வந்துச்சு சார். அடுத்த முறை எப்ப வரும்னு அவங்களுக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது.”

“அது என் பொறுப்பு. உன் பொறுப்பு படிக்கறது.”

அன்று சாயங்காலம் அக்கா, சீஃபின் கீழ் படிக்கும் எங்கள் யூனிட் ஆட்களை ஏரிக்கரை டீக்கடைக்கு வரச் சொன்னார். எமர்ஜென்சி காலம். நாலு பேர் சேர்ந்து நின்றாலே ஏன் என்று கேட்பார்கள். “யாராச்சும் கேட்டா டீ குடிக்கறோம்னு சொல்லுங்க. நெசமாவே குடிங்க. அப்பதான் பொய்யாவாது” என்றார்.

விஷயத்தைச் சொன்னார். எல்லப்பனைக் கூட்டி வந்து, அவன் பொறுப்பில் தேசம்மாவை வெளியே எடுத்து மெட்ராசுக்கு அனுப்பிவிடலாம். சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. ஆனால் சீஃபின் கோபம் எல்லோர் மீதும் விழும். தவிர, எல்லோரும் மாதக்கணக்கில் கேட்டுப் பழகிய மர்மர் பரீட்சையில் இருக்காது. “அதனால உங்களைக் கேக்கறேன். சரியா?”

எங்களில் ஒருவன் அடையாறு. அங்கே பங்களா வீடு, அப்பாவும் தாத்தாவும் டாக்டர்கள். விடுதியில் ஊர்ப் பெயரையே அவனுக்குப் பெயராக்கிவிட்டோம். அவன் கிளாசைக் கீழே வைத்தான்.

“லீடர், ப்ராக்டிகலா பேசுவோம். அவ இப்ப நல்லாத்தான் இருக்கா. சீஃபே அடுத்த டேட் வாங்கித் தரேங்கறார். நம்ம ஒவ்வொருத்தர் ஃப்யூச்சரும் இதுல இருக்கு.”

“நீ ஃபெயிலானா ஆறு மாசத்துல திரும்ப எழுதலாம். அவளுக்கு எத்தினி சான்ஸ்னு சொல்லு.”

“நான் சரின்னு சொல்லல.”

எல்லோரும் அவனை முறைத்தார்கள். அக்கா முறைக்கவில்லை. “சொல்லாத. புடுங்கி வாங்கற சரி எனக்கு வேணாம். ஆனா ஞாயித்துக்கெழம எங்கூட குப்பத்துக்கு வா. பாத்துட்டு வந்து மாட்டேன்னு சொல்லு. அப்பவும் கேட்டுக்கறேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “செய்யூரு, நீ?”

“பயமா கீதுக்கா. ஆனா சரி.”

“பயம் இருந்தா இருந்துட்டுப் போவட்டும். டீக்கு காசு குடு.”

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா, அடையாறு, நான் மூவரும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் பிடித்தோம். சிற்பிகள் கல் கொத்தும் சத்தம் பின்னால் தேய, மணலில் வடக்கே நடந்தோம். குப்பத்தில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. எல்லப்பன் வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப்பிடித்துக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“வாங்க தொர. மிச்சம் இருந்த கையெல்லாம் வந்துட்சா?”

அடையாறு தொண்டையைச் சரிசெய்துகொண்டான். “நாங்க உங்க மனைவி விஷயமா, டாக்டர்ஸ்…”

“தெரியும்பா. கண்ணால பாத்தேன் இல்ல.”

“ஆமாண்ணா, தொட்டோம்” என்றார் அக்கா. “இந்தத் தம்பி தொட்டாரு, அந்தத் தம்பி தொட்டாரு. மொதல்ல தொட்டது நானு.” மணலில் உட்கார்ந்தார். “அதுக்காக நீ கோவப்படு. ஆனா திங்கக்கெழம அவள மெட்ராசுக்கு அனுப்பணும். நீ வந்தாத்தான் முடியும்.”

“இங்க கையி. அங்க கத்தி. அங்க இதவிட பெரிய வரிசையா இருக்கும். என் பொண்டாட்டிய நான் வூட்டுக்கே இட்டாந்துடறேன். செத்தாலும் மானத்தோட சாவட்டும்.”

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. எல்லப்பனின் அக்கா முன்னால் வந்தாள். வாயில் வெற்றிலை. “ஏம்மே, நீ படிச்ச பொண்ணு. உன்னைய இப்படி படுக்கவெச்சு ஊரே தொட்டுப் பாத்தா ஒத்துக்குவியா?”

“மாட்டேன்” என்றார் அக்கா.

 அக்கா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

“ஆனா இன்னிக்கு ஒத்துக்கறேன். வா. ஊர்ல கீற அத்தினி பொம்பளைங்களையும் கூப்பிடு.”

விளையாட்டென்று நினைத்தார்கள். அக்கா எழுந்து பக்கத்துக் குடிசைக்குள் போய்விட்டார். எல்லப்பனின் அக்கா ஒரு நிமிஷம் தயங்கி, காதில் அதை மாட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். பிறகு இன்னொருத்தி. வாசலில் வரிசை நின்றது. உள்ளேயிருந்து சிரிப்பு. “அய்ய, குதிர ஓடறா மாரி கீதுடி!” “கொஞ்சம் அந்தாண்ட திரும்புமே.” “அடியே, நீ கேட்டுட்ட இல்ல, நவுரு!” குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், மீன் செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தவர்கள், துடைக்காதவர்கள். அக்காவின் குரல் மட்டும் கேட்கவே இல்லை.

“அப்ப இந்த ஆம்பளப் பசங்க?” என்றான் ஒரு கிழவன்.

அடையாறு என்னைப் பார்த்தான். நான் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தேன். அவனுக்கு வேறு வழியில்லை. ஆனால் கூட்டத்துக்கு என்மேல் ருசியில்லை. நான் அவர்களில் ஒருவனைப் போலத்தான் இருந்தேன். அடையாறு வெள்ளை வெளேரென்று இருந்தான். அவனை மணலில் படுக்க வைத்தார்கள்.

“ம்… ஒவ்வொருத்தரா வாங்கடா. நல்ல கேஸு” என்றான் கிழவன்.

“இன்னாபா கேஸு இது? எலும்பு கேஸு. எண்ணிக்கலாம் போல கீது.”

“அண்ணாத்த, மூச்ச இழு. நிறுத்து. நிறுத்துன்றேன் இல்ல!”

முதலில் அடையாறும் சிரித்தான். கடல் தண்ணீரில் ஊறிய கைகள், உப்புக் காகிதம் போன்ற கைகள். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கு மேலே நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தன் தொப்புளில் விரலை வைத்து, “இங்க இன்னா கேக்கும்?” என்றான். சிரிப்பு அடையாறின் முகத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டது. “போதுங்க” என்றான். “இன்னும் பாக்கி பேரு கீறாங்கபா” என்று கிழவன் அவன் தோளை அழுத்தினான். அடையாறு தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டான்.

எல்லப்பன் வரிசைக்கு வரவில்லை. பின்னுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தபடியே இருந்தான். பிறகு, “வுடுங்கடா அந்தப் புள்ளய” என்றான்.

அக்கா வெளியே வந்தார். முடி கலைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

“இன்னா பண்ணுவாங்க அவள?” என்று கேட்டான் எல்லப்பன்.

“நெஞ்சுக்குள்ள ஒரு கதவு ஒட்டிக்கிச்சு. பக்கவாட்டுல தெறந்து, வெரல வுட்டு அதைத் தெறப்பாங்க.”

“பொழப்பாளா?”

“சத்தியம் பண்ண மாட்டேன். அந்த ஆபரேஷன்ல சில பேரு போயிட்டாங்க. நெறைய பேரு நல்லாகீறாங்க. செய்யாட்டி மூச்சுல தண்ணி ஏறும். அது எனக்கு நல்லாத் தெரியும்.”

“அவ இன்னா சொல்றா?”

“போறேன்றா. நீ வராம போவ மாட்டேன்றா.”

எல்லப்பன் கால்விரலிலிருந்து வலையைக் கழற்றினான்.

திரும்பும் பஸ்ஸில் அடையாறு சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது அக்கா பக்கம் திரும்பாமலே, “சரி” என்றான்.

திங்கட்கிழமை காலை எல்லப்பன் வெள்ளை வேட்டியில் வந்தான். சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போவதாகக் கைநாட்டு வைத்தான். சீஃப் வந்து நின்றார்.

“இப்படிப் போனா மறுபடி இந்த வார்டுல இடம் கிடையாது. தெரியுமா?”

“ஒங்க எடத்த நீங்களே வெச்சிக்குங்க சார். என் பொண்டாட்டிய குடுங்க.”

சீஃப் அவனை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். “கூட்டம் போட்டது எனக்குத் தெரியும். இது எந்தக் காலம்னு உனக்கும் தெரியும். போலீசுக்குச் சொல்ல மாட்டேன். ஆனா பரீட்சைல நான்தான் உட்காருவேன்.”

“நானும்தான் சார் ஒக்காருவேன்” என்றார் அக்கா. தேசம்மாவின் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். நாங்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். தூக்குவதற்கு அவ்வளவு சாமான் இல்லை. அடையாறு ஒரு சொம்பை மட்டும் எடுத்து வந்தான்.

பரீட்சை நாள் வந்தது. வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு வயதான பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார். பக்கத்தில் சீஃப். எங்களுக்கெல்லாம் ஒவ்வொரு கேஸ் கொடுத்தார்கள். அக்கா முறை வந்ததும் சீஃப் ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினார். புது விரிப்பு போட்டிருந்தது. ஆள் இல்லை.

“உன் கேஸ் அதுதான். நீயே அனுப்பி வச்ச கேஸ். சொல்லு.”

வெளியூர்க்காரர் புரியாமல் பார்த்தார். நான் அடுத்த கட்டிலருகே என் முறைக்காக நின்றிருந்தேன்.

அக்கா கட்டிலின் வலது பக்கம் போய், நோயாளி படுத்திருந்தால் எங்கே நிற்போமோ அங்கே நின்றார். சொல்லத் தொடங்கினார். பெயர் தேசம்மா. சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவள். மீன்கூடையோடு கரையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும்போது முன்பெல்லாம் ஒரு தடவை உட்காருவாள். அப்புறம் சவுக்குத் தோப்பிலும் கோயில் வாசலிலுமாக இரண்டு தடவை. கடைசியில் குடிசைக்கும் கிணற்றுக்கும் நடுவிலேயே உட்கார வேண்டியதாயிற்று. படுத்தால் மூச்சு முட்டுவதால் வலை மூட்டையில் சாய்ந்து தூங்குவாள். இதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. கூடையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவான் என்ற பயம். எந்தப் பரிசோதனையிலும் தெரியாததெல்லாம் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் மாதக்கணக்கில் அந்த நெஞ்சைக் கேட்டிருந்தோம். இதில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது. வெளியூர்க்காரர் பேனாவை மூடிவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மர்மர்?” என்றார் சீஃப்.

எங்கே, எந்த நேரத்தில், எப்படிக் கேட்கும் என்று அக்கா பிசகில்லாமல் சொன்னார். பிறகு, “ஆனா இப்ப அந்தச் சத்தம் இல்ல சார்” என்றார்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. நேத்து போய்ப் பாத்தேன். பழைய சத்தம் இல்ல.”

வெளியூர்க்காரர் முதன்முறையாகப் பேசினார். “பரீட்சைக்கு முந்தின நாள் மெட்ராஸ் போனியாம்மா?”

“ஆமா சார். பரீட்சை எனக்குத்தானே. அவங்களுக்கு நேத்துதான் தையல் பிரிச்சாங்க.”

ரிசல்ட் வந்தபோது எங்கள் யூனிட்டில் எல்லோரும் தேறியிருந்தோம், அக்காவைத் தவிர. வெளியூர்க்காரர் அவருக்குத்தான் அதிகம் போட்டார் என்றும், சீஃப் போட்டது அதைக் கீழே இழுத்துவிட்டது என்றும் ஆபீசில் பேசிக்கொண்டார்கள். நிஜம் எங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து எழுதித் தேறினார். இப்போது ஏதோ ஒரு ஊரில் டாக்டராக இருக்கிறார். ஆனால் அக்கா என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ரிசல்ட் வந்த அன்று நடந்ததுதான்.

சீஃப் அவரை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நாங்கள் வராந்தாவில் காத்திருந்தோம். அடையாறு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து அக்கா வந்தார்.

“இன்னாக்கா சொன்னாரு?”

“செஞ்சது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா, மேல பேசி மார்க் வாங்கித் தராராம்.”

“எழுதினீங்களா?”

அக்கா எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“தேசம்மா உசுரோட எழுந்து ஒக்காந்து கஞ்சி குடிச்சிக்கினு கீறா. அதைத் தப்புன்னு எப்படிடா எழுதறது?”

ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனார்.